கணையாழியும் நீள்வட்ட வயிரமும்

பழனிக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர் பொருந்தல். சங்கப் புலவர் பொருந்தில் இளங்கீரனாரின் ஊர் இதுவே எனக் கருதுவோர் உண்டு. புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. இராசன் தலைமையில் 2009, 2010 ஆம் ஆண்டுகளில் இங்கு அகழாய்வு நடைபெற்றது. வாழ்விடப் பகுதியில் கண்ணாடி மணிகள் செய்த தடயங்கள் வெளிப்பட்டன. ஈமக்குழி ஒன்றில் நான்கு கால் சாடியும், அதனுள் ஏறத்தாழ 2 கிலோ நெல்லும், பானையைத் தாங்கும் பிரிமனையும் கிடைத்தன. அந்த நெல்லை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பிக் கரிமப் பகுப்பாய்வு செய்ததில் அதன் காலம் கி.மு. 490 எனத் தெரியவந்தது. பிரிமனையின்மேல் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு சொல் பொறிக்கப்பட்டிருந்தது. 'வய்ர' என்பது அச்சொல். எழுத்தமைதியைக் கொண்டு அதன் காலத்தைப் பின்னுக்குத் தள்ளுவோரும் உண்டு. அது பொருளின் பெயரா, ஆளின் பெயரா என்ற கேள்வியும் உண்டு. ஆயினும் வயிரம் என்னும் சொல்லோடு அதற்குள்ள உறவு வெளிப்படை.

திண்டுக்கல் மாவட்ட மண்ணில் வயிரம் விளைவதில்லை. ஆனால் வயிரத்தின் பெயர் இம்மண்ணில் கிடைத்திருக்கிறது. அதுவும் மண்ணால் வனைந்த வளையம் ஒன்றின்மேல். வளையமும் வயிரமும் சேர்ந்து மணவுறுதியின் அடையாளமாக மாறியது நெடுங்காலத்துக்குப் பின்னரே. இன்று திண்டுக்கல் நகரிலும் சுற்றியுள்ள சமவெளி ஊர்களிலும் நிச்சயதார்த்தம் என்றாலே மணமக்கள் மோதிரம் மாற்றிக்கொள்ளும் காட்சி நினைவுக்கு வருகிறது. இயன்ற குடும்பங்களில் அம்மோதிரத்தில் வயிரமும் இடம்பெறுகிறது. அண்மைக்காலத்தில் நீள்வட்ட வடிவில் பட்டை தீட்டிய கல்லை விரும்பிக் கேட்போர் பெருகியுள்ளனர். இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது, தமிழர் வாழ்வில் மோதிரத்துக்கு முன்பிருந்த இடம் யாது, வயிரத்துக்கு நீள்வட்டம் எவ்வாறு வாய்த்தது என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மோதிரம் இல்லாத மணம்

பழந்தமிழர் மணமுறையை விரித்துரைக்கும் பாடல்கள் இரண்டு அகநானூற்றில் உள்ளன. அவை 86 ஆம் பாடலும் 136 ஆம் பாடலும் ஆகும். முன்னதில் உளுந்து கலந்து சமைத்த உணவும், பந்தலின்கீழ் பரப்பிய மணலும், ஏற்றிய விளக்கும், மக்களைப் பெற்ற மங்கல மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துவதும் காணப்படுகின்றன. பின்னதில் இறைச்சி கலந்த சோறு சுற்றத்தார்க்கு வழங்கப்படுகிறது; மணமகளுக்கு வெண்ணூல் சூட்டப்படுகிறது. இவ்விரு பாடல்களிலும் மோதிரம் இல்லை. ஆண்டாள் கண்ட மணக்கனவிலும் கைத்தலம் பற்றுதலும் அம்மி மிதித்தலும் உண்டேயன்றி மோதிரம் அணிவித்தல் இல்லை. ஆகவே, மணத்தை உறுதிசெய்யும் அடையாளமாக மோதிரத்தைப் பழந்தமிழர் கொள்ளவில்லை என்பது தெளிவு.

இதனால் அவர்கள் மோதிரத்தையே அறியார் என்று கொள்ளலாகாது. திண்டுக்கல் சமவெளியின் வழியே ஓடும் குடகனாறு வேடசந்தூரைக் கடந்து கரூர்ப் பகுதியில் அமராவதியோடு கலக்கிறது. அந்த அமராவதியின் மணற்படுகையிலிருந்து சங்ககாலத்தைச் சேர்ந்த மோதிரங்கள் பல கிடைத்துள்ளன. அவற்றுள் சிலவற்றில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஆட்பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. பொன்மோதிரம் ஒன்றில் ஆணும் பெண்ணுமாக இருவர் உருவம் செதுக்கப்பட்டுள்ளது. அது காதலர் மோதிரமா, வணிகன் ஒருவனின் இலச்சினையா என்பதை மோதிரம் சொல்லவில்லை. பெயர் பொறித்த மோதிரங்களின் பயன் மட்டும் ஐயத்துக்கு இடமற்றது. அவை முத்திரைகள், அணிந்தவர் இன்னார் என்பதற்குச் சாட்சிகள்.

மோதிரம் என்னும் சொல்லையே முத்திரையோடு உறவுடையதாகக் கருதுவர். ஆழி என்பது வட்டத்தைக் குறிப்பது. சக்கரமும் ஆழி, கடலும் ஆழி, விரலில் அணிவதும் ஆழி. இலக்கியத்திலும் மோதிரத்தின் தொழில் அடையாளம் காட்டுவதே. கம்பனின் காப்பியத்தில், நாட விட்ட படலத்தில் இராமன் அனுமனிடம் கொடுத்த கணையாழி, உருக்காட்டுப் படலத்தில் சீதையின் கையை அடைகிறது. வந்தவன் பகைவனின் மாயம் அல்லன் என்பதற்கு அதுவே சான்று. சீவக சிந்தாமணியில் சுடுகாட்டில் விடப்படும் குழந்தையோடு அரசனின் பெயர் தாங்கிய ஆழியும் விடப்படுகிறது. மறைமலையடிகள் தமிழாக்கிய சாகுந்தலத்தில் மோதிரம் தொலைந்தபோது நினைவே தொலைகிறது. 1965 இல் தில்லியில் தொடங்கப்பெற்ற இலக்கிய இதழ் ஒன்று 'கணையாழி' எனப் பெயர் கொண்டதும் இம்மரபின் தொடர்ச்சியே. தூரத்தில் இருப்பவரிடமிருந்து வரும் நம்பத்தக்க செய்தி என்னும் பொருள் அச்சொல்லில் தங்கியிருக்கிறது.

இம்மூன்று கதைகளிலும் மோதிரத்தின் கல் என்ன, எடை என்ன, விலை என்ன என்பது பொருட்டன்று. அது யாருடையது என்பதே பொருட்டு.

மாதவியின் விரலும் மதுரையின் தெருவும்

வயிரம் பதித்த மோதிரம் தமிழ்க் காப்பியத்தில் இடம்பெறுவது வேறொரு சூழலில். சிலப்பதிகாரக் கடலாடு காதையில், ஊடிய கோவலனை மகிழ்விக்க மாதவி தன்னை அணிசெய்துகொள்கிறாள். தலை முதல் கால்வரை அவள் பூண்ட அணிகளை இளங்கோ வரிசைப்படுத்துகிறார். வாளைமீனின் திறந்த வாய்போல் வளைந்த மோதிரம், செந்நிற மணி பதித்த மோதிரம் ஆகியவற்றோடு, ஒளி வீசும் வயிரமும் மரகதமும் சேர்ந்த விரலணியும் அவற்றுள் ஒன்று. மங்கல வாழ்த்துப் பாடலில் தீவலம் வந்து மணந்த கண்ணகிக்கு மோதிரம் பேசப்படவில்லை. வயிர மோதிரம் மணவாத மாதவியின் விரலில் இருக்கிறது. அது உறுதிமொழியாக அன்றி ஒப்பனையாகவே அங்குச் சுட்டப்படுகிறது.

அக்காப்பியம் திண்டுக்கல் சமவெளிக்கும் அயலானதன்று. காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளைக் கூறுகிறான். அவற்றுள் வலப்பக்கத்து வழி பாண்டியனின் சிறுமலையை ஒட்டிச் செல்வது. திண்டுக்கல்லின் தென்கிழக்கே இன்றும் முகில் சூழ நிற்கும் சிறுமலை அதுவே. அம்மலையைக் கடந்தால் அடையும் மதுரையின் இரத்தினக் கடைத்தெருவை ஊர்காண் காதை காட்டுகிறது. அங்கு வயிரத்துக்குரிய குற்றங்கள் நான்கு எண்ணப்படுகின்றன. காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்பன அவை. காக்கையின் அடி போன்ற கீறல், உள்ளே தங்கிய மாசு, புள்ளி, கோடு என இவற்றை விளக்கலாம். இன்று ஆய்வகங்கள் பெருக்கியின்கீழ் வைத்துத் தரம் பிரிப்பதும் இதே குற்றங்களைத்தான். வாணிகத் தெருவில் குறையைப் பெயரிட்டுச் சொல்லும் அறிவும் நேர்மையும் தேவைப்பட்டன என்பதை இப்பகுதி உணர்த்துகிறது. ஒரு சிலம்பின் உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்ற கேள்வியில் ஓர் அரசு கவிழ்ந்த கதையைச் சொல்லும் காப்பியத்தில் இப்பகுதி வீணாக வந்ததன்று.

இதே நேர்மையைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலும் காணலாம். இராசராசன் காலத்தில் இறைவனுக்கு அளித்த அணிகலன்களின் பட்டியலில் நவரத்தின மோதிரமும் உண்டு. பொன்னும் மணியும் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்னும் எடைகளால் அளக்கப்பட்டன. அரக்கும் சட்டமும் சேர்ந்த எடை எவ்வளவு என்பதும் மறைக்கப்படவில்லை. வயிரங்களின் வடிவம் மட்டத்தாரை, சவக்கம், சப்படி என்றெல்லாம் பிரித்துரைக்கப்படுகிறது. பொறிவு, முறிவு, இரத்தபிந்து, காகபிந்து, வெந்த தடம் உள்ள கற்களும் அவற்றுள் அடங்கும் என்று எழுதப்பட்டுள்ளது. பேரரசன் கடவுளுக்குக் கொடுத்த கொடையிலும் குறையுள்ள கல்லைக் குறையுள்ளது என்றே கல்லில் வெட்டினர்.

இப்பெயர்களுள் நீள்வட்டம் என்பது இல்லை என்பதைக் கருத வேண்டும். சவக்கம் சதுரத்தையும் சப்படி தட்டையையும் குறிப்பன. இவை பெரும்பாலும் வயிரம் நிலத்திலிருந்து கிடைத்த வடிவத்தையொட்டி எழுந்த பெயர்கள்; கல்லை வெட்டி அமைத்த வடிவங்கள் அல்ல.

கல்லுக்கு வடிவம் வந்த வரலாறு

வயிரம் இயல்பில் எண்முகப் படிகம். இரண்டு கூம்புகளை அடியோடு அடி சேர்த்து வைத்தாற்போன்ற தோற்றமுடையது. உலகில் அறியப்பட்ட இயற்கைப் பொருள்களுள் அதுவே மிகக் கடினமானது ஆதலால், அதனை அதன் பொடியைக் கொண்டே தேய்க்க முடியும். இந்தியப் பட்டறைகளில் கல்லின் எடையைக் காப்பதே முதன்மையாகக் கருதப்பட்டது. இயற்கை தந்த உருவைப் பின்பற்றி, குறையுள்ள இடத்தில் மட்டும் முகம் தீட்டி, எடை குன்றாமல் விடுவர். ஐரோப்பியப் பட்டறைகளோ 17 ஆம் நூற்றாண்டு முதல் ஒளியைத் தேடின. உட்புகும் ஒளி அடியில் பட்டுத் திரும்பி மேல்முகத்தின் வழியே சிதற வேண்டும் எனில் முகங்கள் குறித்த கோணங்களில் அமைய வேண்டும். அதற்காக எடையை இழக்கவும் அவர்கள் ஆயத்தமாயினர்.

18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரேசிலில் வயிரம் கண்டறியப்படும்வரை உலகச் சந்தைக்கு வயிரம் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே சென்றது. கிருட்டிணையாற்றங்கரையில் கொல்லூர் முதலிய சுரங்கங்களில் கிடைத்தவை கோல்கொண்டா வயிரங்கள் எனப் பெயர் பெற்றன. அவை கடல் கடந்த துறைமுகங்களுள் சென்னை முதன்மையானது. 17 ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் குடியேறிய யூத வணிகர்கள் மத்தியதரைக் கடலின் பவளத்தைக் கொண்டுவந்து, மாற்றாக வயிரத்தை ஏற்றியனுப்பினர். சென்னையின் பவளக்காரத் தெரு அந்த வாணிகத்தின் நினைவைப் பெயரில் தாங்கி நிற்கிறது. தமிழ்ப் பெண்களின் கழுத்தில் ஏறிய பவளத்துக்கு விலையாக ஐரோப்பிய விரல்களுக்கு வயிரம் சென்றது என்றால் அது முழுதும் மிகையாகாது.

சென்னைக் கோட்டையின் ஆளுநராக 1698 முதல் 1709 வரை இருந்த தாமஸ் பிட், 410 காரட் எடையுள்ள பட்டை தீட்டாத கல்லொன்றை ஜாம்சந்த் என்னும் வணிகரிடம் வாங்கினார். இலண்டனில் அதனைத் தீட்டியபோது முதன்மைக் கல்லாக எஞ்சியது ஏறத்தாழ 140 காரட். 1717 இல் பிரெஞ்சு அரசு அதனை வாங்கியது. அது இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆர்க்காட்டு நவாபு முகமது அலி இங்கிலாந்து அரசி சார்லட்டுக்கு அளித்த இரு வயிரங்களும் பிற்காலத்தில் மீண்டும் மீண்டும் தீட்டப்பட்டுச் சிறுத்தன.

நீள்வட்டத்தின் வரலாற்றில் பெரும்பெயர் பெற்றது கோகினூர். 1849 இல் பஞ்சாபை இணைத்துக்கொண்ட ஆங்கிலேயர், சிறுவனாயிருந்த துலீப் சிங்கிடமிருந்து அதனைப் பெற்றனர். 1851 இல் இலண்டன் பெருங்கண்காட்சியில் வைத்தபோது கண்டவர் பலர் ஏமாற்றமடைந்தனர். இந்திய முறையில் எடை காத்துத் தீட்டிய அக்கல், கண்ணாடிக் கூண்டுக்குள் அவர்கள் எதிர்பார்த்தபடி ஒளிரவில்லை. 1852 இல் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த காஸ்டர் பட்டறையின் தொழிலாளர் இலண்டனுக்கு வரவழைக்கப்பட்டனர். நீராவிப் பொறியால் சுழலும் தட்டில் 38 நாள்கள் வேலை நடந்தது. பழங்காரட் கணக்கில் 186 ஆக இருந்த கல், இன்றைய கணக்கில் 105.6 காரட் நீள்வட்டக் கல்லாக வெளிவந்தது. ஐந்தில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட எடை பொடியாயிற்று. உலகம் இன்று அறிந்த கோகினூரின் நீள்வட்டம் இந்தியக் கைகள் அமைத்ததன்று. தோற்ற நாட்டின் கல்லை வென்ற நாட்டின் கண்ணுக்கேற்ப மாற்றியமைத்த வடிவம் அது.

பழைய நீள்வட்டக் கற்கள் கையாலும் கண்மதிப்பாலும் தீட்டப்பட்டவை. இரு பாதிகளும் அச்சொத்து அமையா. மேல்முகம் சிறுத்து, தோள் உயர்ந்திருக்கும். அடிமுனை கூராக இன்றிச் சிறு சாளரம்போல் மழுங்கியிருக்கும். மோதிரத்தில் பதிக்கையில் பின்புறம் மூடி, உள்ளே பளபளப்பான தகடு வைப்பது பழைய வழக்கம். இவை மின்விளக்குக்கு முந்தைய காலத்தின் மெழுகுத்திரி ஒளிக்கும் எண்ணெய் விளக்கொளிக்கும் ஏற்றவை. இன்று கடைகளில் காணும் சீரான நீள்வட்ட அமைப்பை 1957 இல் லாசர் கப்லான் என்பவர் உருவாக்கினார். ஒரே எடையுள்ள வட்டக்கல்லைவிட நீள்வட்டக்கல் பெரிதாகத் தோன்றும். விரலையும் நீளமாகக் காட்டும். ஆனால் தீட்டுவதில் பிழை நேர்ந்தால் நடுவில் வண்ணத்துப்பூச்சியின் சிறகுபோல் இருள் படியும். காகபாதத்தோடு எண்ணத்தக்க புதிய குற்றம் இது.

உறுதிமொழிக்கு வயிரம் வந்தது

ஐரோப்பாவிலும் மணவுறுதி மோதிரத்தில் வயிரம் தொன்மையான பொதுவழக்கு அன்று. 1477 இல் ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியன் பர்கண்டியின் மேரிக்கு வயிர மோதிரம் அளித்ததை முதற்சான்றாகக் காட்டுவர். அது அரண்மனை வழக்கு. விக்டோரியா அரசியின் மணவுறுதி மோதிரமே பாம்பு வடிவில் மரகதம் பதித்தது. 1867 இல் தென்னாப்பிரிக்காவில் வயிரம் கண்டறியப்பட்ட பின்னரே நடுத்தர மக்களின் கைக்கு அது எட்டியது. வயிரம் என்றென்றும் நிலைப்பது என்னும் விளம்பரத் தொடரை டி பீர்ஸ் நிறுவனத்துக்காக பிரான்சஸ் கெரட்டி என்னும் பெண்மணி 1947 இல் எழுதினார். உலகில் மிகுதியும் பேசப்பட்ட நீள்வட்ட மோதிரம் ஒன்று 1981 இல் டயானாவின் விரலில் ஏறியது. 2010 முதல் அவர் மருமகளின் விரலில் உள்ளது. அதன் நடுக்கல் வயிரமன்று, இலங்கை நீலம். நீள்வட்டமாக அமைந்த இலங்கைக் கல்லைச் சூழ்ந்து சிறு காவலர்போல் வயிரங்கள் நிற்கின்றன.

தமிழகத்தில் தென்னாப்பிரிக்க வயிரம் நுழைந்தபோது அது மோதிரத்துக்கு வரவில்லை. காதுக்கும் மூக்குக்குமே வந்தது. ஏழு கல் தோடும் எட்டுக்கல் பேசரியும் வசதி படைத்த குடும்பங்களின் அடையாளமாயின. யாகர்சுபாண்டைன் சுரங்கத்தின் பெயர் தமிழ்ப் பெண்களின் நாவில் 'புளூ ஜாகர்' என்று சுருங்கி, மேலான வயிரத்தின் பெயராயிற்று. வயிரத்தை வாங்குமுன் சில நாள் வீட்டில் வைத்துப் பார்ப்பதும், அந்நாள்களில் நேரும் நன்மை தீமைகளைக் கொண்டு தோசம் உண்டா இல்லையா என்று முடிவுசெய்வதும் வழக்கம். மதுரைத் தெருவில் கல்லின் உள்ளே தேடப்பட்ட குற்றம், பிற்காலத்தில் வீட்டின் நிகழ்வுகளில் தேடப்பட்டது.

திண்டுக்கல் சமவெளியில் மணம் உறுதியானதற்கு அடையாளம் வெற்றிலையே. பரிசம் போடுதல், தட்டு மாற்றுதல், நிச்சயதாம்பூலம் எனச் சமூகத்துக்குச் சமூகம் பெயர் வேறுபடினும், இரு வீட்டார் சுற்றத்தார் முன்னிலையில் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டால் வாக்கு முடிந்தது. வத்தலக்குண்டு என்னும் ஊர்ப்பெயரே வெற்றிலையோடு தொடர்புடையது என்பர். ராஜமய்யரையும் பி.எஸ். ராமையாவையும் சி.சு. செல்லப்பாவையும் தமிழுக்குத் தந்த ஊர் அது. வாடிப்போகும் இலையை வாக்குக்குச் சாட்சியாக வைத்தனர் முன்னோர். இலை வாடினாலும் வாக்கு வாடாது என்ற நம்பிக்கை அதற்கு அடிப்படை. தாம்பூலம் மாற்றியபின் மணத்தை முறிப்பது குடும்பத்தின் பெயருக்கே கேடாகக் கருதப்பட்டது.

மோதிரத்துக்கும் இடமிருந்தது, ஆனால் அது வேறிடம். மணம் முடிந்தபின் நீர் நிறைந்த குடத்தில் மோதிரத்தை இட்டு மணமக்களைத் தேடச் சொல்வர். அதுவரை பேசிப் பழகாத இருவரின் விரல்கள் நீருக்குள் ஒன்றையொன்று தொடுவதற்காக ஏற்பட்ட விளையாட்டு அது. கிறித்தவ மணங்களில் மோதிரம் மந்திரிக்கப்பட்டு மாற்றப்படுவது திருச்சபை மரபு. தமிழ்க் கிறித்தவர் அதனோடு தாலியையும் சேர்த்துக்கொண்டனர். கிறித்தவர் கணிசமாக வாழும் திண்டுக்கல் பகுதியில், கோயில் மணத்துக்குச் சென்று வந்த பிற சமயத்தாரும் மோதிரம் மாற்றுவதைக் கண்டு பழகினர். பின்னர்த் திரைப்படமும் நிழற்படக் கருவியும் அவ்வழக்கத்தை எல்லா வீட்டுக்கும் கொண்டு சேர்த்தன. வெற்றிலை பெரியவர்கள் மாற்றுவது. மோதிரம் மணமக்கள் தாமே மாற்றிக்கொள்வது. இந்த வேறுபாடு சிறிதன்று. பேசப்படும் பொருளாக இருந்த இருவர் பேசும் ஆள்களாக மாறியதை அது காட்டுகிறது.

சட்டம் ஏற்ற மோதிரம்

மோதிரத்துக்குத் தமிழகத்தில் சட்டத் தகுதியே உண்டு என்பதைப் பலர் நினைவில் கொள்வதில்லை. சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லத்தக்கனவாக்க, அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967 இல் இந்து திருமணச் சட்டத்துக்குத் தமிழகத் திருத்தம் கொண்டுவரப்பட்டது. அதன் 7-ஏ பிரிவின்படி உறவினர் அல்லது நண்பர் முன்னிலையில் மணமக்கள் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகக் கூறலாம், மாலை மாற்றிக்கொள்ளலாம், எந்த விரலிலேனும் மோதிரம் அணிவிக்கலாம், தாலியும் கட்டலாம். இவற்றுள் ஒன்று போதும், புரோகிதர் தேவையில்லை. இத்தகைய மணத்துக்குப் பலரறியக் கூடிய சடங்கு கட்டாயமன்று என்று உச்ச நீதிமன்றம் 2023 இல் தெளிவுபடுத்தியது.

சட்டம் மோதிரம் என்றது. பொன் மோதிரம் என்றோ வயிர மோதிரம் என்றோ கூறவில்லை. எந்த விரல் என்றும் வரையறுக்கவில்லை. இரும்பு வளையமும் புல்லால் முடைந்த வளையமும் அச்சட்டத்தின்முன் சமமே. கணையாழிக்கு இலக்கியம் கொடுத்த பொருளைச் சட்டம் அறிந்தோ அறியாமலோ மீட்டுக்கொடுத்தது. கல்லின் விலை அன்று, அணிவிப்பவர் யார் என்பதே மணத்தை மணமாக்குகிறது.

இதற்கு நேர்மாறான போக்கும் அதே காலத்தில் வளர்ந்தது. 1961 ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் கேட்டுப் பெறுவதைக் குற்றமாக்கியது. கேட்பது நின்றுவிடவில்லை, அதன் பெயர் மாறியது. மாப்பிள்ளை மோதிரம் அன்பளிப்பு ஆயிற்று. அதில் ஒற்றைக்கல் வயிரம் இருக்க வேண்டும் என்பது குறிப்பால் உணர்த்தப்படும் எதிர்பார்ப்பாயிற்று. கல்லின் காரட் அளவு இரு வீட்டாரின் மதிப்பை அளக்கும் மஞ்சாடியாக மாறியது. பெண்ணைப் பெற்றவர் நிலத்தை அடகு வைத்து வாங்கிய கல், மாப்பிள்ளையின் விரலில் உறுதிமொழி என்னும் பெயரோடு ஒளிர்வதுண்டு. யாருடைய உறுதிமொழி அது என்று கேட்டால் விடை கூறுவது அரிது.

அணிசெய்யும் கைகளுக்கும் அக்காலம் எளிதாக இல்லை. 1963 சனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் புதுநகை செய்வதைத் தடுத்தன. 1968 இல் அது தனிச்சட்டமாகி 1990 இல்தான் நீக்கப்பட்டது. நாடெங்கும் ஆசாரிமார் தொழிலிழந்து வேறு வேலை தேடினர். தலைமுறையாகக் கைமாறி வந்த தொழிலறிவு பல பட்டறைகளில் அறுந்தது. பின்னர்க் கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் நகை பெருகியபோது, ஒரு குடும்பத்துக்கென்று அளவெடுத்து மோதிரம் செய்யும் வழக்கமும் குறைந்தது.

எஞ்சியவை

பழைய மோதிரம் ஒன்று கடைக்கு வரும்போது அதற்குக் கிடைப்பது உருக்கும் விலை. செய்கூலி கணக்கில் வராது. செய்தவர் கையும் கணக்கில் வராது. கல் பழைய வெட்டாக இருந்தால் அதனைக் கழற்றிப் புதுமுறையில் மீண்டும் தீட்டுவதும் உண்டு. கோகினூருக்கு 38 நாளில் நேர்ந்தது சிறிய அளவில் எங்கும் நேர்கிறது. எடை குறைகிறது, ஒளி கூடுகிறது, வரலாறு பொடியாகிறது. மின்னொளியில் மங்கலாகத் தோன்றும் பழங்கல்லை அகல் விளக்கின் அருகில் கொண்டுசென்று பார்த்தவர்கள் அதன் ஒளி வேறு வகையானது என்பதை அறிவார்கள். அது சிதறி மினுக்குவதில்லை. உள்ளிருந்து மெல்லக் கனலும்.

ஆய்வகத்தில் வளர்த்த வயிரங்கள் இன்று சந்தையில் பெருகிவிட்டன. இயற்கை வயிரத்தின் வேதிப்பொருளே இவற்றுக்கும். கடினமும் ஒளியும் அவ்வாறே. விலையோ மிகக் குறைவு. நீள்வட்டக் கல் வேண்டும் என்றால் சிறு செலவில் கிடைக்கும் நாள் வந்துவிட்டது. அரிய கல் என்பதால் அரிய வாக்கு என்ற எண்ணத்துக்கு இனி இடமில்லை. 1947 இல் எழுந்த விளம்பரத் தொடர் தளரும் இக்காலத்தில், மோதிரம் தன் பழைய தொழிலுக்குத் திரும்ப வாய்ப்பு உண்டாகியிருக்கிறது.

திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர். இவ்வூர்ப் பூட்டுக்கு 2019 இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மோதிரமோ பூட்டுக்கு மறுதலை. பூட்டு நம்பிக்கையின்மைக்குச் செய்தது. கணையாழி நம்பிக்கைக்குச் செய்தது. வீட்டுப் பெட்டிகளில் பூட்டி வைத்த பழைய மோதிரங்கள் இச்சமவெளியில் இன்னும் இருக்கும். உருக்குவதற்குமுன் அவற்றின் வடிவத்தை வரைந்து, யார் யாருக்கு எப்போது அணிவித்தது என்பதை எழுதி வைப்பது எளிய பணி. பெரிய கோயிலின் எழுத்தர் செய்ததுபோல் பொறிவும் முறிவும் உட்பட எழுதிவைக்கலாம். முறிந்த மணங்களும் மீட்காத அடகுகளும் அவ்வரலாற்றில் அடங்கும். கவிஞர்களும் இலக்கிய அன்பர்களும் கூடும் அமைப்புகள் இதனை ஏற்றுச் செய்யத்தக்கன. சொல்லின் மதிப்பை அறிந்தோர்க்கே வாக்கின் மதிப்பும் தெரியும்.

பொருந்தலின் ஈமக்குழியில் நெல்லை வைத்தவர்கள் வயிரத்தை வைக்கவில்லை. மண் வளையத்தில் அச்சொல்லை மட்டும் எழுதி வைத்தனர். கல் இருந்திருந்தால் அது எவர் கைக்கோ சென்று, மீண்டும் மீண்டும் தீட்டப்பட்டு, இன்னது என்று அடையாளம் தெரியாமற் போயிருக்கும். சொல் அப்படியே இருக்கிறது.